வெயிலை வேலைக்கு வைத்தவர்கள்

கத்திரி வெயிலில் வெளியே தலைகாட்டாதே என்று அதட்டும் அதே பெரியவர்கள்தான், மே மாதம் பிறந்துவிட்டால் மொட்டை மாடியைக் கழுவிவிடச் சொல்வார்கள். பரணிலிருக்கும் மண்பானையை இறக்கச் சொல்வார்கள். சந்தைக்குப் போனால் குட்டை மிளகாய் இரண்டு கிலோ வாங்கிவரச் சொல்வார்கள். வெயிலுக்கு அஞ்சுவதும் வெயிலுக்காகக் காத்திருப்பதும் நம் வீடுகளில் ஒன்றாகவே நடக்கின்றன.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை என்று ஊர்ப்பெயர்கள் மாறி மாறிச் செய்தியில் வரும். வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியது என்று மாலைச் செய்தித்தாள்கள் எழுதும். அந்த நாள்களில்தான் தமிழ்நாட்டின் அடுப்பங்கரைகளும் மாடிகளும் முற்றங்களும் ஆண்டிலேயே மிகச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் கத்திரி தொடங்கிய கையோடு சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டேன். திண்டிவனம், விழுப்புரம், கும்பகோணம், மதுரை, மானாமதுரை, கடைசியில் உடன்குடி. போன இடத்திலெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: இந்த வெயிலில் இங்கே என்ன குடிக்கிறீர்கள், என்ன செய்துவைக்கிறீர்கள்?

மூன்று நாள் கூழ்

செங்கல்பட்டைத் தாண்டியதுமே சாலையோரம் தர்பூசணிக் குவியல்கள் கண்ணில் படத் தொடங்கின. திண்டிவனத்தை நெருங்க நெருங்க அவை குன்றுகளாகிவிடுகின்றன. அந்தப் பக்கத்து மணல் கலந்த மண்ணில் தர்பூசணி நன்றாக விளைகிறது. சென்னைக்குப் போகும் லாரிகளில் ஏறுவதற்கு முன் அங்கேயே அறுத்துத் தின்பவர்களுக்கு அதன் முழு இனிப்பும் கிடைக்கிறது. பக்கத்தில் ஓலைக்கூடையில் வெள்ளரிப் பிஞ்சு. நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்கள். தர்பூசணியும் வெள்ளரியும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் தாகத்துக்குப் போதும். பசிக்கு வேறு வேண்டும்.

அந்த வேறு, விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சாலையின் புளியமரத்தடியில் இருந்தது. தள்ளுவண்டியில் ஒரு பெரிய பானை, கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள்: உரித்த சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், கீறிய மாங்காய், ஒரு தட்டில் கருவாடு. காலை எட்டு மணிக்கே வயலிலிருந்து கரையேறியவர்கள் நின்றபடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வச்சதாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வச்சா எப்படிப் புளிக்கும்? முந்தாநேத்து ராத்திரி கேவுரு மாவு கரைச்சு வச்சேன். நேத்து பொங்கினேன். இன்னிக்கு ஊத்துறேன்."

கேழ்வரகுக் கூழின் கணக்கு அதுதான். முதல் இரவு மாவைத் தண்ணீரில் கரைத்து மூடிவைத்தால் மறுநாளைக்குள் புளிப்பேறி மேலே நுரை கட்டும். மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கிப் பானையில் ஊற்றி ஓர் இரவு ஆறவிட்டால் கெட்டியாக உறைந்து நிற்கும். மூன்றாம் நாள் காலை ஒரு பெரிய உருண்டையை எடுத்து, உப்பும் மோரும் விட்டுக் கையாலேயே கரைக்க வேண்டும். கரண்டியில் கரைத்தால் அந்தச் சீர்மை வராது.

சொம்பில் வாங்கி முதல் மடக்கு குடித்தபோது பனிக்கட்டிக் குளிர்ச்சி எதுவும் இல்லை. பானையின் இதமான தண்மை, நாக்கின் ஓரத்தைச் சுண்டும் புளிப்பு, பிறகு உப்பு. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டாவது மடக்கு. அரைச் சொம்பு இறங்குவதற்குள் நெற்றியில் வியர்வை அடங்கியது. பகல் ஒரு மணி வரை வேறு எதையும் தேடவில்லை.

இந்த ஆறுதலுக்குப் பின்னால் தெளிவான காரணம் உண்டு. வியர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை; உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போன உப்பு திரும்புவதில்லை. உப்போடு கொஞ்சம் மாவுச்சத்தோ சர்க்கரையோ சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்கு மருத்துவமனைகளில் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்த அடிப்படையில் அமைந்ததே. அரிசி மாவில் செய்யும் கரைசலும் மருத்துவத்தில் புழங்குகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. உழவு வேலைக்குப் போகிறவருக்கு நீர், உப்பு, மாவு, புளிப்பு நான்கையும் ஒரே சொம்பில் கொடுத்துவிட்டது அந்தப் பானை.

தெற்கே போகப் போகக் கேழ்வரகின் இடத்தில் கம்பு வரும். நெல் விளையும் ஊரில் அதே வேலையைப் பழைய சோறு செய்யும். இரவு மிஞ்சிய புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அந்த நீராகாரத்தைக் கல்லுப்புப் போட்டுக் குடிப்பது பல வீடுகளில் இன்னும் முதல் உணவு. எல்லாவற்றுக்கும் பொதுவானது புளிப்பு. அந்தப் புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சூட்டில்தான் விரைந்து பெருகும். மார்கழியில் மந்தமாக நடக்கும் வேலை சித்திரையில் ஓர் இரவில் முடிகிறது. வெயிலுக்கு மருந்தாகும் கூழை வெயிலே பக்குவம் செய்து தருகிறது. இந்த எண்ணம் விழுப்புரத்தில் என்னைப் பிடித்தது. பயணம் முடியும்வரை விடவில்லை.

அதே கிராமத்தின் முற்றங்களில் முறங்களில் கரும்பழுப்பு உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வட மாவட்டங்களின் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து உருட்டுவார்கள். பகலெல்லாம் காயும், மாலையில் உதிர்த்து மறுபடி உருட்டி வைப்பார்கள். இப்படிப் பல நாள் போனபின் விளக்கெண்ணெய் தடவிச் சாடியில் அடைத்துவிட்டால் அடுத்த கோடைவரை மீன் குழம்புக்கும் கீரைக்கும் அதுதான் தாளிதம். தெருவுக்குள் நுழையும்போதே அந்த வாசனை வந்து வரவேற்கும். புதுச்சேரியிலிருந்து கடல் கடந்த இந்த வடகம் பிரெஞ்சுச் சமையலில் 'வடூவான்' என்ற மசாலாவாக இன்றும் இருக்கிறது. விழுப்புரத்து வெயிலில் ஒரு துளி அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாடியில் விரித்த வேட்டி

கும்பகோணத்தில் நண்பர் வீட்டில் தங்கினேன். விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நண்பரின் பெரியம்மா வெண்கலப் பானையில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு இரவெல்லாம் லேசாகப் புளித்திருந்தது. உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரில் அதை ஊற்றிக் கிண்ட, வெள்ளையாக இருந்த மாவு மெல்ல மெல்லக் கண்ணாடி போல் தெளிந்தது. இறக்கியபின் பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், சீரகம். சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சைச் சாறு.

கரண்டி நுனியில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உப்பு சரியா இருக்கா?"

"கொஞ்சம் குறைச்சலா இருக்கு பெரியம்மா."

"அப்படித்தான் இருக்கணும் தம்பி. தண்ணியெல்லாம் வெயில் குடிச்சிடும், உப்பு அங்கேயே நிக்கும். இப்ப சரியா இருந்தா காஞ்சப்புறம் கரிக்கும்."

வத்தல் போடுவதில் கைப்பழக்கம் என்று நாம் சொல்வதற்குள் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். காய்ந்து சுருங்கியபின் எப்படி இருக்கும் என்பதை நாக்கில் முன்கூட்டியே கண்டுவிட்டு உப்பை நிறுத்துகிறார்கள். சமையல் புத்தகத்தின் தேக்கரண்டி அளவுக்கு இது பிடிபடாது. அரிசிக்கு அரிசி, நாளுக்கு நாள் மாறும்.

ஆறு மணிக்கு மாடி. பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, சுருக்கம் இல்லாமல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். வெயில் ஏறுவதற்கு முன் போட்டாக வேண்டும். கூழ் ஆறி இறுகிவிட்டால் பரவாது. கரண்டியால் ஒரு சொட்டு, அதே கரண்டியின் அடியால் ஒரு சுழற்று. என்னுடைய வட்டங்கள் கோணலாக வந்தன. அவருடையவை வரிசை பிடித்து நின்றன. ஒரு மூலையில் கறுப்புக் குடையை விரித்து வைத்தார்கள், காக்கைக்கு. எஞ்சிய கூழில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்ணத்தில் கொடுத்தார். இளஞ்சூட்டில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் மணக்கும் அந்தக் கூழுக்காகவே வீட்டுக் குழந்தைகள் அன்றைக்கு அதிகாலையில் எழுந்துவிட்டிருந்தார்கள்.

மாலை நாலரைக்கு மேலே போனபோது மேல்பக்கம் காய்ந்து மொரமொரத்தது. வேட்டியைத் திருப்பிப்போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றும் நோகாமல் உரிந்துவரும். அப்போது உள்ளே கொஞ்சம் ஈரம் நிற்கும். பாதி காய்ந்த அந்த வத்தலைப் பிய்த்துத் தின்பது தனி ருசி. பொரித்ததுகூட அதற்கு நிகரில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ந்து, இரண்டாக மடக்கினால் படக்கென்று ஒடியும்போதுதான் டப்பாவுக்குள் போகும்.

அடுத்த பாயில் மோர் மிளகாய். காம்பு கிள்ளாமல் குட்டை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்திருந்தார்கள். பகலில் மிளகாய் வெயிலுக்கு வரும். இரவில் அதே மோருக்குள் திரும்பும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். அதற்கப்பால் மணத்தக்காளி, சுண்டைக்காய், மாங்காய்த் துண்டுகள். ஏப்ரலில் உதிர்ந்த வேப்பம்பூ ஏற்கெனவே காய்ந்து சீசாவில் இருந்தது. தமிழ்ப் புத்தாண்டுப் பச்சடிக்குப் போக மிச்சம் ரசத்துக்கு. உப்பிலும் விளக்கெண்ணெயிலும் புரட்டிக் கடுகுப்பொடி போட்ட மாவடு, சாடியில் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது.

ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை ஏறும்போது, மார்க்கெட்டுக்குப் போக முடியாத நாளில், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாக ஒரு வீடு சமாளித்துவிடும் என்றால், அந்தச் சாப்பாடு மே மாதத்து மாடியில் சமைத்தது. கோடை உணவு என்றால் குளிர்பானம் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு இந்த மாடியைக் காட்ட வேண்டும். ஆண்டு முழுவதற்குமான அடுப்பு அங்கே எரிகிறது, விறகு இல்லாமல், எரிவாயு இல்லாமல்.

அழகர் வரும் வழி

சித்ரா பௌர்ணமி கத்திரிக்குள் விழுந்த ஆண்டு அது. மதுரைக்குப் போனபோது ஊரே தெருவில் இருந்தது. அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளம் வழியாக வைகையை நோக்கி வருகிறார். வழி நெடுக மண்டகப்படிகள். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல்.

தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓர் அண்டாவில் பானகம்: வெல்லத்தைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்தது. அடுத்ததில் நீர்மோர்: தயிரைக் கடைந்து பல மடங்கு தண்ணீர் விட்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. ஒரு பந்தலில் நாரத்தை இலையைக் கசக்கிப் போட்டிருந்தார்கள். அந்த மோரின் மணம் தெருமுனைவரை வந்தது.

"இன்னொரு கிளாஸ் வாங்கிக்கங்கண்ணே, நடக்கணும்ல" என்று பந்தலில் நின்ற இளைஞன் கையில் திணித்தான். யாரும் யாரையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சிலர் பனையோலை விசிறிகளை வாங்கிவந்து போகிறவர் வருகிறவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அழகர்போல் உடை அணிந்த பக்தர்கள் ராமராயர் மண்டபத்தில் அவர்மீது நீரைப் பீய்ச்சிக் குளிர்விக்கக் காத்திருந்தார்கள். தெய்வத்துக்கும் வெயில் அடிக்கும் என்று எண்ணுகிற ஊரில், பக்கத்தில் நடப்பவருக்கு மோர் கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்?

பானகத்தையும் மோரையும் அடுத்தடுத்துக் குடிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஒன்றில் வெல்லம், மற்றொன்றில் உப்பு. கூட்டத்தில் மணிக்கணக்காக நடப்பவருக்கு இரண்டும் வேண்டும். ராமநவமிக்கும் இந்த ஜோடிதான் நைவேத்தியம். கூடவே ஊறவைத்த பயற்றம்பருப்பில் தேங்காயும் மாங்காயும் போட்ட வடைப்பருப்பு. பண்டிகை என்ற பெயரில் பங்குனியும் சித்திரையும் நமக்குக் கற்றுத்தருவது வெயிலில் என்ன குடிப்பது என்பதைத்தான்.

மறுநாள் மாலை விளக்குத்தூண் பக்கம் போனேன், ஜிகர்தண்டாவுக்காக. முந்தின இரவு ஊறவைத்த பாதாம் பிசின், சிறு கற்களாக இருந்தது கண்ணாடிக் கூழாக உப்பியிருந்தது. கண்ணாடி டம்ளரில் முதலில் அது. அதன்மேல் நன்னாரி சர்பத். அதன்மேல், மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிப் பழுப்பேறிய பாலைக் குளிரவைத்து ஊற்றுகிறார்கள். கடைசியில் அதே பாலில் செய்த ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. உறிஞ்சும்போது பிசின் வழுக்கிக்கொண்டு போகிறது. பாலின் ஏடு நாக்கில் நிற்கிறது. நன்னாரியின் வேர் மணம் பின்னால் வருகிறது. ஜிகர்தண்டா விருந்து. தாகத்துக்காக அதைக் குடிக்கக் கூடாது. இனிப்பும் பாலும் மறுபடி தண்ணீர் கேட்க வைக்கும். இரவு ஒன்பது மணிக்கு, பகல் வெயிலைக் கடந்துவந்த மகிழ்ச்சியில், குடும்பத்தோடு நின்று குடிக்கவேண்டிய பொருள் அது. தாகத்துக்கு நன்னாரி போதும்: வேரைத் தட்டி, உள்நரம்பை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சிய சாறு, சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு.

வியர்க்கும் பானை

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் மானாமதுரை. கடம் என்னும் வாத்தியத்துக்குப் பெயர்பெற்ற ஊர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் போனது தண்ணீர்ப் பானைக்காக. கண்மாய்களிலிருந்து எடுத்த மண்ணை ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பக்குவம் செய்கிறார்கள். சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு அடி இருக்காது; வாய் இறுகியபின் பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். அந்தத் தட்டலில்தான் பானையின் கனம் சீராகிறது.

பானைக்குள் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதை அங்கே ஒரு பெரியவர் தன் முன்கையைக் காட்டிச் சொன்னார்: "வியர்த்தாத்தான் உடம்பு ஆறும். பானையும் அப்படித்தான்." சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறம் வந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை மிச்ச நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பளபளவென்று வண்ணம் பூசிய பானை குளிர்வதில்லை, துளைகள் அடைபட்டுவிடுகின்றன. காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தாலும் பயனில்லை. ஈர மணல் பரப்பி, காற்று வரும் இடத்தில், வெளியே ஓர் ஈரத்துணி சுற்றிவைக்க வேண்டும். தேற்றாங்கொட்டையை உள்ளே தேய்த்துவிட்டால் கலங்கல் அடியில் படிந்துவிடும். ஒரு பிடி வெட்டிவேர் போட்டால் மணம்.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வறண்ட காற்று வீசும் மதுரை, சிவகங்கைப் பக்கம் பானை நன்றாகக் குளிர்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிர்வதில்லை. மனித உடம்புக்கும் அதே கதிதான். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெப்பம் குறைவாகத் தெரிந்தாலும் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு ஆறாது. அங்கே குடிப்பதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கடலோரத்துக்கு நிலம் என்ன கொடுத்து வைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் உடன்குடிக்குப் போனேன்.

தேரிக்காட்டில் பதநீர்

திருச்செந்தூருக்குத் தெற்கே நிலம் சிவக்கத் தொடங்குகிறது. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் பகலில் கால் வைக்க முடியாமல் கொதிக்கின்றன. அந்த மணலில் யாரும் நீர் ஊற்றாமல் பனைகள் நிற்கின்றன. நான் போனது விடிந்து ஒரு நாழிகை கழிந்த நேரம். பனையேறும் அண்ணாச்சி ஒருவர் கால்களில் தளைநார் மாட்டிக்கொண்டு, இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு ஏறினார். மேலே மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நேற்றைய கலயத்தை அவிழ்த்து, பாளையின் நுனியை ஒரு தாள் கனத்துக்குச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய வேறு கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். மாலையில் மறுபடி ஏறுவார். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் கண் அடைத்துக்கொள்ளும், ஊறுவது நின்றுவிடும். திருமணம், காய்ச்சல் என்று விடுப்பு எடுக்க முடியாத தொழில் அது.

சுண்ணாம்பு இல்லையென்றால் அந்தச் சூட்டில் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு புளிப்பை நிறுத்துகிறது. விழுப்புரத்தில் வெயிலைத் தூண்டிப் புளிக்கவைத்தார்கள். இங்கே அதே வெயிலின் கையைச் சுண்ணாம்பால் பிடித்து நிறுத்துகிறார்கள்.

பச்சைப் பனையோலையை மடக்கிப் பட்டை செய்து, இரு கையில் ஏந்தக் கொடுத்தார் அண்ணாச்சி. "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க. பயினி இறக்கின சூட்டோட குடிச்சிரணும். வெயில் ஏற ஏற ருசி மாறிரும்." மாங்காயைச் சீவி உள்ளே போட்டார். ஓலையின் பசுமணம், சுண்ணாம்பின் மெல்லிய காரம், அடியில் பனையின் ஆழ்ந்த இனிப்பு, இடையிடையே மாங்காயின் புளிப்பு. குடித்து முடித்தபின் தொண்டையில் இனிப்பு ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கேட்க வைத்தது.

பாளையைச் சீவினால் பதநீர். பெண் பனையில் சீவாமல் விட்டால் நுங்கு. வண்டிப்பாதையோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நின்றேன். ஒரு வெட்டில் தலை சாய்ந்தது, மூன்று கண்கள். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் குளிர்ந்த நீரோடு சுளை வந்துவிடும். முற்றாத இளசைத் தோலோடு தின்னலாம். அந்தத் தோலை வேர்க்குருவுக்குத் தடவிக்கொள்வார்கள். நுங்கையும் விட்டுவைத்தால் பனம்பழம். பழத்தின் கொட்டையைப் புதைத்தால் தை மாதத்தில் கிழங்கு.

தேரியின் ஓரத்தில் ஓலை வேய்ந்த விடிலி ஒன்றில் புகை எழுந்தது. உள்ளே அண்ணாச்சியின் மனைவி அகன்ற சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். வெளியே மே மாத வெயில், உள்ளே அடுப்பு. நுரை பொங்கி அடங்கி, பாகு நூலிழுத்துக் கெட்டிப்பட்டு வரும்வரை பக்கத்தை விட்டு நகர முடியாது. மணலில் வரிசையாக வைத்த சிரட்டைகளில் பாகை ஊற்றினார்; ஆறியதும் கருப்பட்டி. ஏறத்தாழ 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. பனை நம் மாநில மரம். 2021-ல் வந்த தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. மரத்துக்குக் காவல் வந்துவிட்டது. ஏறுவதற்கு ஆள் வேண்டும்.

"பையன் ஏறுவானாக்கா?" என்று கேட்டேன்.

"அவன் திருப்பூர்ல இருக்கான். நாங்க இருக்க மட்டும்தான்" என்றார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம் வீட்டில்

குளிரூட்டி இல்லாத காலத்தில் இத்தனை பேரும் இந்த வெயிலை எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு வழி நெடுக விடை கிடைத்தது. வெயிலைத் துரத்த முயலவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கூழைப் புளிக்கவைக்க, வத்தலை உலர்த்த, பானையை வியர்க்கவைக்க வெயிலையே ஏவினார்கள். அதைத் தடுக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினார்கள். உடம்பு இழந்த உப்பையும் நீரையும் திருப்பித்தர நூறு வகை கண்டார்கள்.

இதில் எதுவும் நகரத்து அடுக்ககத்தில் செய்ய முடியாததில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்ற மாடி வேண்டாம். அரை லிட்டர் தயிரில் இரண்டு லிட்டர் நீர்மோர் கடையலாம். பால்கனியில் மூன்று மணி நேர வெயில் விழுந்தால் மோர் மிளகாய் காய்ந்துவிடும், நாள் மட்டும் கொஞ்சம் கூடும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு ஒரு படி அரிசிக்குக் கூழ் வத்தல் போட்டுப் பாருங்கள். உப்பு கொஞ்சம் குறைவாக. வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் வைத்தால் பொருள் கொண்டுவந்து கொடுப்பவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதுவே நீர்ப்பந்தல்.

நம் கையால் செய்ய முடியாதவையும் இருக்கின்றன: பதநீர், நுங்கு, கருப்பட்டி, மண்பானை. அவற்றை வெயிலில் நின்று உழைப்பவர்கள்தான் நமக்குத் தர முடியும். புட்டியில் அடைத்த பானத்துக்கு அச்சிட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். அறுபதடி உயரம் ஏறி இறங்கியவரிடம் மட்டும் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அந்த ஐந்து ரூபாயும், அதைப் போல ஆயிரம் பேர் பிடித்துக்கொண்ட ஐந்து ரூபாய்களும் சேர்ந்துதான் அவருடைய மகனைத் திருப்பூருக்கு அனுப்பியிருக்கின்றன. இந்தக் கத்திரியில் பதநீர் விற்கும் சைக்கிள் உங்கள் தெருவுக்கு வந்தால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். நாளையும் வரச் சொல்லுங்கள்.